யான் சேர்த்த பழங் காமிராக்கள்

உலகத்தில் பொருள் சேர்ப்பார் பலர். பொன்னும் நிலமும் சேர்ப்பாரை உலகம் புகழ்கின்றது; தபால் தலையும் பழங்காசும் சேர்ப்பாரைப் பொறுத்துக்கொள்கின்றது; பழுதுற்ற காமிராக்களைச் சேர்ப்பானைக் கண்டாலோ நகைக்கின்றது. அங்ஙனம் நகைக்கப்படுவோருள் யானும் ஒருவன். என் வீட்டுக் கூடத்தில், நூல்கள் இருக்கவேண்டிய அலமாரியில், நாற்பத்து மூன்று காமிராக்கள் வீற்றிருக்கின்றன. அவற்றுள் படம் பிடிக்க வல்லன ஐந்தோ ஆறோ. "வேலை செய்யாதவர்களை இத்தனை மரியாதையோடு வைத்துக் காப்பாற்றும் வீடு இஃது ஒன்றே" என்பது என் இல்லாளின் கூற்று. அக்கூற்றை மறுக்க இயலாத யான், இவ்விருப்பம் எனக்கு உண்டான வரலாற்றையும், அதனால் யான் செய்த பிழை ஒன்றையும் நம் கல்லூரி மலரில் எழுதத் துணிந்தேன். பிழையைச் சொல்வதே என் நோக்கம். வரலாறு அதற்குத் துணையாக வருவது.

யான் பிறந்த ஊர் வடக்குப்பட்டு. காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஒரகடத்துக்கு அணித்தாக உள்ள சிற்றூர் அது. யான் சிறுவனாயிருந்த நாளில் வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் எப்பொழுதேனும் ஒரு பஸ் போகும். இன்று அச்சாலையில் கண்டெயினர் லாரிகள் எறும்புச் சாரிபோல் செல்கின்றன. வயலிருந்த இடங்களில் மோட்டார்த் தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் 2006 முதல் 2014 வரை நோக்கியா ஆலை கைப்பேசிகளைச் செய்து குவித்தது. அவ்வட்டாரத்துப் பாக்ஸ்கான் ஆலையில் 2019-ஆம் ஆண்டு ஐபோன்கள் செய்யப்படலாயின. கைப்பேசி ஒவ்வொன்றன் முதுகிலும் காமிரா உளது. ஊர் முழுமைக்கும் ஒரு காமிரா இல்லாதிருந்த வட்டாரத்திலிருந்து இன்று உலகெங்கும் காமிராக்கள் செல்கின்றன என்றால், அது விந்தையன்றோ!

என் இளமையில் படம் எடுத்தல் என்பது ஒரு சிறு பிரயாணம். பெரும்புதூர்க் கடைத்தெருவிலிருந்த ஸ்டூடியோவுக்கு வண்டி கட்டிக்கொண்டு போவோம். அங்கே சுவரில் ஒரு சீலை தொங்கும். அதில் மாளிகைப் படிக்கட்டும் அன்னம் நீந்தும் குளமும் தீட்டப்பட்டிருக்கும். புகைப்படக்காரர் முக்காலியின்மேல் நின்ற பெரிய பெட்டிக்குப் பின்னால் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொள்வார். "அசையாதே, கண் இமைக்காதே" என்பார். துணிக்குள்ளே அவர் என்ன காண்கிறார் என்பதே என் கவலை. ஒருநாள் அவர் இரக்கங்கொண்டு என்னையும் துணிக்குள் அழைத்தார். மங்கலான கண்ணாடியில் என் தந்தையார் தலைகீழாக நின்றுகொண்டிருந்தார். அன்று பற்றிய பித்து இன்னும் தெளியவில்லை.

தலைகீழாக உருவம் விழுதல் புதுமையன்று. எங்கள் ஊர்க் கூரைவீடுகளில் கீற்றின் துளை வழியாகத் தரையிலே வெயிற் காசுகள் விழும். துளை எவ்வடிவினதாயினும் காசு வட்டமாகவே இருக்கும். ஏனெனில் அது துளையின் வடிவன்று, சூரியனது உருவமே. சூரிய கிரகணத்தன்று பார்த்தால் காசுகளெல்லாம் பிறையாக மாறும். இருட்டறையும் ஒரு துளையும் இருந்தால் வெளியுலகம் உள்ளே வந்து படியும் என்பதைப் பண்டையோர் பலரும் அறிந்திருந்தனர். பெட்டி எளிது; பெட்டிக்குள் விழும் உருவத்தை ஓடிவிடாமல் நிறுத்துவதே அரிது. புகைப்படத்தின் வரலாறு முழுதும் இவ்வருமையின் வரலாறேயாகும்.

பிரெஞ்சுக்காரராகிய நியெப்ஸ் என்பார் 1827-ஆம் ஆண்டை ஒட்டித் தம் வீட்டுச் சாளரத்தினின்று தெரிந்த காட்சியை ஓர் உலோகத் தகட்டில் பதித்தார். அதற்குப் பல மணிநேரம் வேண்டியிருந்தது. அவருடன் கூட்டாயிருந்த தாகேர் என்பார் வெள்ளி பூசிய செப்புத் தகட்டை அயோடின் ஆவியில் காட்டிக் காமிராவுக்குள் வைத்து, பின் பாதரச ஆவியில் பிடித்து உருவத்தை வருவித்தார். அம்முறை 1839 ஆகஸ்டு 19-ஆம் நாள் பாரிஸ் மாநகரத்து விஞ்ஞானக் கழகத்தில் வெளியிடப்பெற்றது. ஆங்கிலேயராகிய டால்பட் என்பார் தகட்டை விடுத்துக் காகிதத்தைக் கொண்டார். 1840 செப்டம்பரில் அவர் ஓர் உண்மையைக் கண்டார். காமிராவிலிருந்து எடுத்த காகிதத்தில் ஒன்றுமே தெரியவில்லை, வெறுங்காகிதம்போல் இருந்தது, ஆனால் மருந்துநீரில் நனைத்தவுடன் உருவம் தானே எழுந்து வந்தது.

இரசாயனம் பயிற்றும் யான் ஆண்டுதோறும் இதனை மாணாக்கர்க்கு விரித்துரைப்பது வழக்கம். வெள்ளியின் உப்பு ஒன்றன் நுண்டுகள்மேல் ஒளி பட்டால், அதில் மிகச் சில வெள்ளி அணுக்கள் மட்டும் பிரிந்து ஓரிடத்தில் கூடுகின்றன. எந்தக் கண்ணுக்கும் அவை தெரியா. பிலிம் கழுவும் மருந்தில் இட்டால், அச்சிறு கூட்டம் உள்ள துகள் முழுதும் கருவெள்ளியாக மாறுகின்றது. ஒளி படாத துகள் மாறுவதில்லை. பின்னர் ஹைப்போ என்னும் உப்பின் நீரில் இட, மாறாதவை கரைந்து நீங்க, உருவம் நிலைபெறுகின்றது. ஹைப்போவின் இப்பயனைக் கண்டவர் வானநூல் வல்லவராகிய ஜான் ஹெர்ஷல். காமிராவில் எடுத்த பின்னும் கழுவுவதற்கு முன்னும் உள்ள இடைக்காலத்தில் உருவம் பிலிமில் உளது, ஆயினும் தெரியாது. அது பல்லாண்டுகளும் அங்ஙனமே காத்திருக்கும். ஆனால் ஒருகணம் வெளிச்சம் பட்டால் எல்லாத் துகளும் ஒருங்கே கெடும். இதனைக் கரும்பலகையில் எழுதி எழுதி என் கை தேய்ந்தது. அறிவு கையளவில் நின்றது, நெஞ்சுக்குள் இறங்கவில்லை என்பதைப் பின்னர்க் காண்பீர்கள்.

இக்கலை நம் நாட்டுக்கு வந்தது மிக விரைவாகவே. சென்னையில் 1850-இல் கலைப்பள்ளியைத் தொடங்கிய டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் என்பவர் அங்கே புகைப்படமும் கற்பிக்க ஏற்பாடு செய்தார். 1856-இல் சென்னைப் புகைப்படச் சங்கம் தோன்றியது. அவ்வாண்டிலேயே லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவர் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமிக்கப் பெற்றார். கண்ணாடித் தகட்டை ஈரம் உலருமுன் பயன்படுத்திக் கழுவிவிட வேண்டிய முறையை ஆர்ச்சர் என்பவர் 1851-இல் வெளியிட்டிருந்தார். நம் நாட்டு வெயிலில் அதனைக் கையாளுதல் எத்துணைத் தொல்லை என்பதைச் சொல்ல வேண்டா. டிரைப் பெரும்பாலும் மெழுகூட்டிய பெரிய காகிதங்களையே நெகடிவுக்குக் கொண்டார். காமிராவையும் மருந்துகளையும் மாட்டுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு, 1857 டிசம்பர் தொடங்கி அடுத்த ஆண்டில் சீரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை ஆகிய இடங்களைப் படமெடுத்தார்.

அவர் தஞ்சையில் செய்த செயல் ஒன்று என் நெஞ்சை விட்டு நீங்காதது. பெரிய கோயிலின் அடிப்பீடத்தைச் சுற்றிலும் கல்வெட்டுக்கள் உள்ளன அல்லவா? அவற்றைச் சிறிது சிறிதாகப் படம் பிடித்து, இருபத்தொரு படங்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பத்தொன்பது அடிக்குமேல் நீளமுள்ள சுருளாக்கினார். இராசராசன் வரலாற்றை விளக்கும் அக்கல்வெட்டுக்கள் ஹூல்ஷ் முதலிய அறிஞரால் அச்சில் வெளிவரத் தொடங்கியது 1890-களிலேதான். படம் எடுத்தவர்க்கு அவ்வெழுத்துக்களின் பொருள் தெரியாது. என்றாலும் ஓரெழுத்தும் விடாமல் எடுத்தார். பிற்காலத்தார் படிப்பர் என்னும் நம்பிக்கை ஒன்றே அவருக்குக் கூலி. அரசாங்கமோ செலவு மிகுதி என்று கருதி 1860-க்குள் அப்பணியையே நிறுத்திவிட்டது.

படமெடுத்தல் எளியார் கைக்கு வந்தது ஈஸ்ட்மன் என்னும் அமெரிக்கராலேயாம். 1888-இல் அவர் வெளியிட்ட கோடக் காமிராவில் நூறு படங்களுக்குரிய பிலிம் சுருள் இருந்தது. முடிந்ததும் பெட்டியோடு ஆலைக்கு அனுப்பிவிட வேண்டும். 1900-இல் ஒரு டாலர் விலைக்குப் பிரௌனி என்னும் அட்டைப்பெட்டிக் காமிரா வந்தது. அதன் இரண்டாம் வகைக்கென 1901-இல் உண்டாக்கிய 120 என்னும் எண்ணுள்ள பிலிம் இன்றும் கிடைக்கின்றது. என் அலமாரியின் மேல்தட்டில் முதலிடம் ஒரு பிரௌனிக்கே. அதனருகில் துருத்திபோல் விரியும் காமிராக்கள் மூன்று. கீழ்த்தட்டில் நம் நாட்டில் செய்தவை. அவற்றுள் ஒன்று பரோடாவில் செய்யப்பட்ட ஆக்பா கிளிக் 3. நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றில் அக்காமிராவே முதற்காமிரா. சதுரமான பன்னிரண்டு படங்கள் அதிலே எடுக்கலாம். உதகமண்டலத்தில் 1967-இல் உற்பத்தி தொடங்கி, பின் நலிந்து மூடப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் 'இந்து' பிலிம் அந்நாளில் எங்கும் விற்றது.

பன்னிரண்டு படம் என்றால் இன்றைய இளைஞர் நகைப்பர். அக்காலத்தில் அப்பன்னிரண்டும் ஓராண்டுக்குரியன. பொங்கலுக்கு நான்கு, காதணி விழாவுக்கு மூன்று, திருப்பதிக்கு இரண்டு என்று பங்கிட்டு வைப்பர். சுருள் முடியாமல் கழுவக் கொடுத்தல் வீண்செலவு. ஆதலால் பாதி எடுத்த சுருள் காமிராவுக்குள்ளேயே மாதக்கணக்கில் கிடக்கும். சில வீடுகளில் அது முடியாமலே போயிற்று. அத்தகைய வீடு ஒன்றின் கதையே இனி யான் சொல்வது.

2021-ஆம் ஆண்டு தை மாதத்தில் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் தெருக்கோடியில் முதியவள் ஒருத்தி வாழ்கின்றாள். ஊரார் அனைவருக்கும் அவள் ஆயா. அவளுடைய பேரன் தொழிற்சாலை ஒன்றில் வேலைபார்ப்பவன். பழைய ஓட்டுவீட்டை இடித்து, வடநாட்டுத் தொழிலாளர்க்கு வாடகைக்கு விட அறைகள் கட்டத் தொடங்கியிருந்தான். பரணிலிருந்த பண்டங்களெல்லாம் திண்ணையில் குவிந்திருந்தன. உழக்கு, மரக்கால், அரிக்கேன் விளக்கு, இவற்றிடையே தோலுறையோடு ஒரு கிளிக் 3! பழைய இரும்புக்காரன் வருமுன் யான் முந்திக்கொண்டேன். பேரன் முந்நூறு ரூபாய் கேட்டான். பேரம் பேசாமல் கொடுத்தேன்.

வாங்கியவுடன் சேர்ப்பவர் செய்வது யாது? உள்ளே துரு உண்டா, பூஞ்சை உண்டா என்று பார்ப்பதே. நண்பகல் வெயில் திண்ணையில் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. அங்கேயே அமர்ந்து பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு பிலிம் சுருள். "பழைய பிலிமும் கிடைத்ததே" என்று மகிழ்ந்து, அது எந்த நிறுவனத்தின் பிலிம் என்று அறியும் ஆசையால், சுருளை எடுத்துக் காகிதத்தையும் பிலிமையும் முழம் முழமாக வெயிலில் உருவினேன். கடைசிச் சுற்றுக்கள் இருக்கும்போது ஆயா உள்ளிருந்து, "மோர் வைத்திருக்கிறேன், குடித்துவிட்டுப் போ, கண்ணு" என்று அழைத்தாள். சுருளை மீண்டும் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன். அன்றிரவு காமிராவைத் துடைத்து, வில்லையை மினுக்கி அலமாரியில் வைத்தபோது எனக்கு இருந்த பெருமிதம் சிறிதன்று.

இரண்டு திங்கள் கழித்து மீண்டும் ஊருக்குச் சென்றேன். ஆயா என்னைக் கண்டு அருகில் வந்தாள். சிறிது தயங்கிக் கேட்டாள்: "அந்தப் பெட்டிக்குள்ளே ஏதாவது இருந்ததா, கண்ணு?"

"ஏன், ஆயா?"

"என் தம்பி இரயில்வேயில் இருந்தான் அல்லவா? அவன் ஒரு மாட்டுப் பொங்கலுக்கு அதைக் கொண்டுவந்தான். மாட்டோடு உங்கள் தாத்தாவை நிறுத்தி எடுத்தான். பிறகு எங்கள் எல்லாரையும் திண்ணையில் உட்காரவைத்து எடுத்தான். மிச்சத்தை அடுத்த பொங்கலுக்கு எடுக்கலாம் என்று இங்கேயே வைத்துவிட்டுப் போனான். அதற்குள்ளே அவர் போய்விட்டார். பிறகு யார் அதை நினைத்தார்கள்? வீடு கட்டும்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அவருடைய படம் என்று ஒன்றுமே இல்லை. கல்யாணப் படத்தைக் கரையான் தின்றுவிட்டது."

அவர் இறந்தது 1987-இல் என்று விசாரித்து அறிந்தேன். முப்பத்து நான்கு ஆண்டு அவ்விருட்டுக்குள் அவர் நின்றுகொண்டிருந்தார். அவரை வெயிலில் உருவியவன் யான். "பார்க்கிறேன், ஆயா" என்று சொல்லித் திரும்பினேன். உண்மையைச் சொல்ல நா எழவில்லை.

எங்கள் வட்டாரத்தார்க்கு, காமிராவுக்குள் தங்கிய பிலிம் என்ன சொல்லவல்லது என்பது தெரியாததன்று. 1991 மே 21-ஆம் நாளிரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடத்தில், வெடிவிபத்தில் மாண்ட ஓர் இளம் புகைப்படக்காரரின் காமிரா அழியாமல் கிடைத்தது. அதனுள் இருந்த பத்துப் படங்களே குற்றம் புரிந்தாரை அடையாளங் காண்பதற்குத் தலையாய சான்றாயின. அதனை என்போன்ற ஒருவன் முதலில் கண்டெடுத்து, உள்ளே துரு உண்டா என்று திறந்து பார்த்திருப்பானாயின் என்னாவது? இவ்வெண்ணம் என்னைப் பல இரவுகள் உறங்கவிடவில்லை. ஆயினும் அச்சுருளை மேசையறையில் பூட்டி வைத்தேனேயன்றி வேறொன்றும் செய்திலேன். கெட்டது கெட்டதே என்பது என் முடிபு; அன்றியும், அதனைக் கழுவினால் என் பிழை கண்கூடாகிவிடும் என்னும் அச்சமும் உண்டு.

2022-ஆம் ஆண்டில் எங்கள் ஊர்ப்பெயர் பத்திரிகைகளில் வந்தது. இந்தியத் தொல்லியல் துறையார் வடக்குப்பட்டில் அகழ்வாராய்ச்சி தொடங்கினர். மேல்மண்ணில் பல்லவர் காலத்துப் பொருள்களும், அதன்கீழ்ச் சங்ககாலத்தைச் சார்ந்த மட்கலங்களும், உரோம நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகளும், கண்ணாடி மணிகளும், சிறு பொன்னணிகளும், இன்னும் கீழே பழங்கற்கருவிகளும் கிடைத்தன. அருகிலுள்ள பல்லாவரத்தில் இராபர்ட் புரூஸ் பூட் என்பார் 1863-இல் பழைய கற்கருவியைக் கண்டெடுத்ததை நூலில் படித்திருக்கிறேன். யான் மாடு மேய்த்த மண்ணுக்கடியிலும் அத்தகைய கருவி உளதென்பதைக் கனவிலும் கருதியதில்லை.

அகழ்வுக் குழியின் கரையில் நின்று ஒரு பகல் முழுதும் பார்த்தேன். பொருள் ஒன்று தலைகாட்டியதும் அதனைப் பிடுங்குவாரில்லை. சிறு தூரிகையால் மண்ணை நீக்கினர், ஆழத்தை அளந்தனர், அருகில் அளவுகோலை வைத்துப் படமெடுத்தனர், குறிப்பேட்டில் எழுதினர், அதன் பின்னரே கையை நீட்டினர். ஏன் இத்துணைப் பொறுமை என்று அங்கிருந்த மாணவன் ஒருவனை வினவினேன். "ஓர் அடுக்கை ஒருமுறைதான், ஐயா, திறக்கமுடியும். திறந்துவிட்டால் அது போய்விட்டது. நாங்கள் எழுதி வைப்பதுதான் மிச்சம்" என்றான். அவன் அகழ்வைப் பற்றிச் சொன்னான். எனக்கோ என் மேசையறையில் கிடந்த சுருள் நினைவுக்கு வந்தது. கல்வி கற்ற யான் பரணிலே செய்ததை, குழியிலே இவர்களுள் கூலியாளும் செய்யான்.

மறுநாளே அச்சுருளை எடுத்துக்கொண்டு, இளமையில் என்னைக் கறுப்புத் துணிக்குள் அழைத்த அம்முதியவரிடம் சென்றேன். ஸ்டூடியோ மூடிப் பல்லாண்டு ஆயினும் அவர் வீட்டுப் பின்கட்டில் இருட்டறை இன்னும் இருந்தது. நடந்ததை ஒளியாமல் சொன்னேன். அவர் கேட்ட முதற்கேள்வி, "முதுகுப்புறச் சிவப்புக் கண்ணாடியில் எந்த எண் தெரிந்தது?" என்பது.

"ஐந்து" என்றேன்.

"எண் தெரிந்தால் உள்ளே பிலிம் இருக்கிறது என்று சிறுபிள்ளைக்கும் தெரியுமே, ஐயா!" என்றார். யான் தலைகுனிந்து நின்றேன். சிறிது பொறுத்து, "முதலில் எடுத்த படம் உட்சுற்றில் இருக்கும். எதுவரை உருவினீர்கள்?" என்றார். மோருக்கு அழைத்ததையும் கடைசிச் சுற்றுக்கள் எஞ்சியதையும் சொன்னேன். "அந்த மோருக்குக் கைகூப்புங்கள்" என்று சொல்லிவிட்டு மருந்துகளைக் கரைக்கத் தொடங்கினார்.

இருட்டறையில் யானும் இருந்தேன். ஒருவர் முகம் ஒருவர்க்குத் தெரியாத அவ்விருளில் நீர் சலசலக்கும் ஓசை மட்டுமே கேட்டது. விளக்கேற்றிப் பார்த்தபோது பிலிம் பெரும்பாலும் கண்ணாடிபோல் தெளிந்திருக்க வேண்டிய இடமெல்லாம் கரியாய் இருந்தது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது படங்கள் அடியோடு போயின. திண்ணையில் அமர்ந்த குடும்பம் இல்லை. முதற்படத்தில் மட்டும் ஒரு பாதி மூட்டத்தினூடே தப்பியிருந்தது. பிரிண்டு போட்டுப் பார்த்தோம். நெகடிவில் கறுத்த பாதி பிரிண்டில் வெள்ளையாயிற்று. எஞ்சிய பாதியில் ஓட்டுவீட்டுத் தூண் ஒன்று. அதனருகில் கொம்புக்கு வண்ணம் தீட்டி, கழுத்தில் மாலையணிந்த எருது. எருதின் மூக்கணையிலிருந்து ஒரு கயிறு. அக்கயிறு சிறிதளவு மேலேறிச் சென்று வெள்ளைக்குள் மறைந்துபோயிற்று. அதனைப் பிடித்திருந்தவரைக் காணோம்.

அதனைக் கொண்டுபோய் ஆயாவின் கையில் கொடுத்தேன். என் பிழையை முழுதும் சொன்னேன். அவள் படத்தைக் கண்ணுக்கு அருகே பிடித்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு, "நம் செவலை!" என்று சிரித்தாள். அவ்வெருதை அவர் எந்தச் சந்தையில் பிடித்தார், அது யாரை முட்டியது, அவர் குரல் கேட்டால் மட்டும் எவ்வாறு நின்றது என்பவற்றையெல்லாம் சொன்னாள். சொல்லி முடித்தபின், கயிறு மறையும் இடத்தில் விரலை வைத்து, "இங்கேதான் நிற்கிறார்" என்றாள். என்னை ஒரு சொல்லும் கடியவில்லை. கடிந்திருந்தால் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும். அப்படம் இன்று புதிய வீட்டுச் சுவரில் சட்டமிட்டுத் தொங்குகின்றது. பாதி வெள்ளையான படத்தை ஏன் மாட்டியிருக்கிறார்கள் என்று அங்கு வாடகைக்கு இருக்கும் பிள்ளைகள் கேட்பதுண்டு. அவள் விடை சொல்லிச் சலிப்பதில்லை.

அன்று முதல் சேர்த்தல் என்பதன் பொருள் எனக்கு வேறாயிற்று. மும்பையைச் சேர்ந்த திலீஷ் பரேக் என்பவர் 4,425 பழங்காமிராக்களைச் சேர்த்ததாகக் கின்னஸ் நூல் குறித்தது. குருகிராமத்தில் புகைப்படக் கலைஞர் ஆதித்ய ஆர்யா தொடங்கிய காமிரா அருங்காட்சியகம் 2019 முதல் நடைபெறுகின்றது. இவர்தம் உழைப்பை யான் வணங்குகின்றேன். எனினும் என் மனம் இப்பொழுது மிகுதியும் செல்வது புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தார் மேற்கொண்ட முயற்சியின்பால். அவர்கள் தேடியது பெட்டிகளை அன்று. தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களில் அழியுந் தறுவாயில் கிடந்த கண்ணாடி நெகடிவுகளையும் படங்களையுமே. பிரிட்டிஷ் நூலகத்தின் துணையோடு அவற்றைத் தேடிப் படியெடுத்துக் காத்துள்ளனர். பெயரறியா மணமக்களும், காதணி பூண்ட குழந்தைகளும், மாலையிட்டு நாற்காலியில் சாய்த்த பிரேதங்களும் அங்ஙனம் பிழைத்தனர். காமிரா கண் என்றால் இவையே அக்கண் கண்ட காட்சி. கண்ணைப் பேழையில் வைத்துக் காட்சியைக் குப்பையில் எறிதல் தகுமோ?

இப்பொழுது என்னிடம் ஒரு குறிப்பேடு உளது. ஒவ்வொரு காமிராவும் எந்த வீட்டிலிருந்து வந்தது, யார் கையில் இருந்தது, எவரை எடுத்தது என்று அதில் எழுதுகின்றேன். நாற்பத்து மூன்றனுள் பதினொன்றுக்கே எழுத முடிந்தது. ஏனைய முப்பத்திரண்டும் ஊர்பேர் தெரியாத அனாதைகள்; அவற்றை அனாதைகளாக்கியதில் எனக்கும் பங்குண்டு. வாங்கும்போது கேட்டிருந்தால் சொல்வார் இருந்தனர். யான் விலையை மட்டுமே கேட்டேன். இனி எந்தக் காமிராவையும் இருட்டறையில் அன்றித் திறப்பதில்லை என்பதும், திறக்குமுன் வீட்டாரை ஒருமுறை வினவுவது என்பதும் என் விரதம். இவ்விரதத்தால் இதுகாறும் இரண்டு சுருள்கள் கிடைத்தன. ஒன்றில் ஏதுமில்லை. மற்றொன்றில் யாரோ ஒரு சிறுமி ஏரிக்கரையில் நின்று வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். அவள் இன்று பாட்டியாகியிருக்கிறாள்; படத்தை அவள் கையிலேயே சேர்த்தேன்.

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டுப் பரணிலும் தோலுறை போட்ட பெட்டி ஒன்று கிடக்கக்கூடும். கண்டால் உடனே திறவாதீர்கள். முதுகிலுள்ள சிவப்புக் கண்ணாடியைப் பாருங்கள். வீட்டு முதியோரிடம் கேளுங்கள். அறிந்தவர் கையில் கொடுங்கள். சுவரிலும் பெட்டியிலும் உள்ள பழைய படங்களின் பின்புறத்தில், சொல்லவல்லார் உயிரோடிருக்கும்போதே பெயரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். இன்று உங்கள் கைப்பேசியில் ஆயிரம் படங்கள் இருக்கின்றன. அவற்றுள் உங்கள் பாட்டியின் படம் எத்தனை என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். இச்சிறு வேலைகளுக்குப் பொருள் வேண்டா, புலமையும் வேண்டா, கையை நீட்டுமுன் சிறிது பொறுத்தல் ஒன்றே வேண்டும். புலமையிருந்தும் பொறுமையில்லாதவன் என்ன செய்வான் என்பதற்கு, கயிற்றின் மறுமுனை காணாத அவ்வெருது வடக்குப்பட்டில் சான்றாக நிற்கின்றது.